.22-ல் வேகமான தோட்டா போட்டால் காற்றில் விலகல் குறையுமா?

முனிர்கா மணி

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் பதினோராம் வகுப்பு. மூன்று வருஷமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்டவள், இப்போது கோச் அவளை .22 ரைஃபிளில் 50 மீட்டர் புரோனுக்கு, அதாவது படுத்துக்கொண்டு சுடும் போட்டிக்கு, மாற்றியிருக்கிறார். நான்கு சுவருக்குள் சுட்டுப் பழகின பிள்ளையை துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் வெட்டவெளியைப் பார்த்துப் படுக்க வைத்தால் என்ன ஆகும்? காற்றைக் காட்டும் கொடி ஒரு நிமிஷம் இடப்பக்கம் பறக்கிறது, அடுத்த நிமிஷம் தொங்கிப்போகிறது, அப்புறம் வலப்பக்கம். இவள் ரைஃபிளை அசைக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறாள், ஆனால் திரையில் ஒன்று பத்து, அடுத்தது எட்டு.

கிளப்பில் ஒரு பெரியவர் "ஹை வெலாசிட்டி தோட்டா போடுங்க, சீக்கிரம் போய்ச் சேர்ந்துடும், காத்துக்குத் தள்ள நேரமே இருக்காது" என்றார். கேட்க நியாயமாக இருந்ததால் கிளப் வழியாக ஒரு டப்பா எடுத்துக்கொடுத்தேன். கோச் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "யே ரஹ்னே தீஜியே" (இது இருக்கட்டும், வேண்டாம்) என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை.

போன ஞாயிறு மலை மந்திரில் மச்சானைப் பார்த்தபோது இதைச் சொன்னால் அவர் வேறு மாதிரி ஆரம்பித்தார்: வேகமெல்லாம் கணக்கே இல்லையாம், காலிபர், அதாவது குண்டின் குறுக்களவு, பெரிசாக இருந்தால்தான் குண்டு தூரம் போகுமாம். பக்கத்தில் நின்றவர், இல்லை, ஊசி மாதிரி மூக்கு இருக்க வேண்டும், உங்கள் .22 குண்டு மொட்டை மூக்கு, அதுதான் பிரச்சினை என்றார். பிரசாதம் தீரும் வரை சண்டை தீரவில்லை. வேகமா, வடிவமா, காலிபரா? யாராவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். நான் பி.காம்.

துவாரகா சீனு

மணி சார், கோச் சொன்னதுதான் சரி. அந்த டப்பாவை ஓரமாக வையுங்கள்.

பெரியவர் சொன்னது எல்லோரும் நம்புகிற விஷயம், காலேஜ் நாட்களில் நானும் நம்பினேன். குண்டு எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறதோ அவ்வளவுதான் காற்று தள்ளும் என்று தோன்றும். அப்படி இல்லை. பக்கக் காற்று எவ்வளவு தள்ளும் என்பதற்குக் கணக்கு இது: காற்றே இல்லாத வெற்றிடத்தில் குண்டு போய்ச் சேர எடுக்கும் நேரம் ஒன்று, நிஜத்தில் எடுக்கும் நேரம் ஒன்று, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்குங்கள். அவ்வளவுதான். அதாவது குண்டு எவ்வளவு நேரம் பறந்தது என்பது கேள்வி இல்லை, வழியில் எவ்வளவு தாமதமானது என்பதுதான் கேள்வி.

சாதாரண மேட்ச் தோட்டா, 40 கிரெய்ன் குண்டு, அதாவது 2.6 கிராம். துப்பாக்கி வாயிலிருந்து வினாடிக்குச் சுமார் 327 மீட்டரில் கிளம்பி 50 மீட்டரில் 302 ஆகிறது. போய்ச் சேர 0.159 வினாடி. வேகம் குறையாமலே போயிருந்தால் 0.153. தாமதம் 0.006.

ஹை வெலாசிட்டி சுமார் 381-ல் கிளம்பி 338-க்கு இறங்கும். நேரம் 0.139, வேகம் குறையாமல் போயிருந்தால் 0.131. தாமதம் 0.008.

வினாடிக்கு 4 மீட்டர் பக்கக் காற்று வைத்துக்கொள்ளுங்கள், கொடி நன்றாகவே பறக்கும் அந்த அளவுக்கு. முதல் குண்டு 24 மில்லிமீட்டர் விலகும், "வேகமான" குண்டு 32 மில்லிமீட்டர். 50 மீட்டர் டார்கெட்டில் பத்து வளையம் 10.4 மில்லிமீட்டர் அகலம், அப்புறம் ஒவ்வொரு வளையத்துக்கும் 8 மில்லிமீட்டர். நடுவில் குறிவைத்துச் சுட்டால் முதலாவது எட்டில் விழும், இரண்டாவது ஏழில். சீக்கிரம் போய்ச் சேர்ந்தது, ஆனால் ஒரு புள்ளி போச்சு.

வாத்தியார் ஆர்.கே.புரம்

சீனு கணக்கைச் சொல்லிவிட்டார், ஏன் அப்படி என்று நான் சொல்கிறேன், இருபத்திரண்டு வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொல்லித் தொண்டை போன ஆள்.

சீனுவின் எண்களையே பாருங்கள். வேகம் 17 சதவீதம்தான் கூடியிருக்கிறது, ஆனால் வழியில் இழந்த வேகம் 25-லிருந்து 43 ஆகிவிட்டது. நடுவில் ஒரு சுவர் இருக்கிறது, ஒலியின் வேகம். அதற்குக் கீழே போகும் குண்டுக்கு முன்னால் காற்று மெதுவாக விலகி வழி விடுகிறது. மேலே போனால் காற்றுக்கு விலக நேரம் இல்லை, மூக்கில் அதிர்ச்சி அலை உருவாகிறது, குண்டு தன் சக்தியைச் செலவழித்து அந்த அலையை இழுத்துக்கொண்டே போகிறது. எர்ன்ஸ்ட் மாக் 1887-ல் பறக்கும் குண்டின் முன்னால் இந்த அலை நிற்பதைப் படமாகவே வெளியிட்டார், "மாக் 1", "மாக் 2" என்று சொல்கிறோமே அதே ஆள்.

இப்போது மொட்டை மூக்கு விஷயம். மலை மந்திர் நண்பர் பாதி சரி. ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டுக்கு மூக்குதான் முக்கியம், கூராக, நீளமாக இருந்தால் அலை பலவீனமாகும். ஆனால் ஒலிக்குக் கீழே போகும் குண்டுக்கு இழுவையில் பெரும்பங்கு பின்பக்கத்திலிருந்து வருகிறது. புழுதி ரோட்டில் பஸ் போனால் முன்னால் புழுதி சுழல்வதில்லை, பின்னால்தான் சுழன்றுகொண்டே துரத்தும், பார்த்திருப்பீர்கள். தட்டையான பின்பக்கத்துக்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது, அது குண்டைப் பின்னுக்கு இழுக்கிறது. அதனால் .22 மேட்ச் குண்டுக்கு உருண்டை மூக்கு ஒரு பெரிய குறையே இல்லை. ஊசி மூக்கு வைத்தாலும் 50 மீட்டரில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

மகள் ஏர் ரைஃபிளில் சுட்ட பெல்லட்டை நினைத்துப் பாருங்கள், மூக்கே கிடையாது, வெட்டின மாதிரி தட்டை. காகிதத்தில் வட்டமாகச் சுத்தமாக ஓட்டை போட வேண்டும் என்பதற்காக அப்படி. பத்து மீட்டர்தானே, காற்றிழுவை பற்றி யாருக்குக் கவலை.

இன்னொன்று, டெல்லிக்காரர்களுக்கு மட்டும். ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. ஜனவரி காலையில் 5 டிகிரியில் வினாடிக்கு 334 மீட்டர், ஜூன் மதியம் 43 டிகிரியில் 356. மேட்ச் தோட்டா 327 என்றால் ஜூனில் சுவருக்கு வெகு கீழே சௌகரியமாகப் போகிறது, ஜனவரியில் சுவரை உரசிக்கொண்டு போகிறது. மேலும் குளிர்காற்று அடர்த்தி அதிகம், ஜூனைவிட எட்டில் ஒரு பங்கு கூட. மூடுபனியில் குண்டு ஈரத்தால் கனத்துப்போய் இறங்கும் என்று ரேஞ்சில் யாரோ சொல்லி ஒரு தடவை கேட்டேன், சிரிப்புதான் வந்தது. ஈரக்காற்று உலர்ந்த காற்றைவிட லேசு, வேலையைச் செய்வது ஈரம் இல்லை, குளிர்.

ரோஹிணி ராஜா

இவ்வளவு கதை எதுக்கு? .50 காலிபர் வாங்குங்க, காத்தாவது கீத்தாவது. மச்சான் சொன்னதுதான் கரெக்ட்.

சுபேதார் அண்ணாச்சி

ராஜா தம்பி, பதினோராம் வகுப்புப் பிள்ளை தோளில் .50 வைத்துச் சுடச் சொல்கிறீரே, நல்லா இருக்கு.

ஆனால் மணி சார் மச்சானை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம், அவர் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. நான் பட்டாளத்தில் இருபத்தெட்டு வருஷம், முதலில் தொட்டது என்.சி.சி.யில் த்ரீ நாட் த்ரீ, அதாவது .303 ரைஃபிள். தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. அந்தக் குண்டுக்கே ஒரு கதை உண்டு. பழைய மார்க் 6 குண்டு 215 கிரெய்ன், மூக்கு கட்டைவிரல் மாதிரி மழுங்கல், வேகம் வினாடிக்கு 628 மீட்டர். அதற்குள் பிரெஞ்சுக்காரன் 1898-லேயே கூர்மூக்கு, பின்பக்கம் படகு மாதிரி ஒடுங்கின குண்டு கொண்டுவந்துவிட்டான், ஜெர்மன்காரன் 1905-ல் 14.7 கிராம் மழுங்கல் குண்டைத் தூக்கிப்போட்டுவிட்டு 10 கிராம் கூர்குண்டு எடுத்தான். வெள்ளைக்காரன் சும்மா இருப்பானா, 1910-ல் மார்க் 7: 174 கிரெய்ன், கூர்மூக்கு, 744 மீட்டர். துப்பாக்கி அதே, காலிபர் அதே .303. மாறினது குண்டின் வடிவமும் எடையும்தான், ஆனால் பாதை தட்டையாகிவிட்டது, 500 கஜத்தில் தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் ஆள் மேல் படும்.

மார்க் 7 மூக்குக்குள் ஈயம் கிடையாது, அலுமினியத் துண்டு வைத்திருப்பார்கள். நீளம் வேண்டும், எடை வேண்டாம் என்பதற்கு.

அப்புறம் உயரம். லடாக்கில் இருந்தபோது, லே 3500 மீட்டர், கீழே ஜீரோ செய்த, அதாவது குறியைச் சரிபார்த்து வைத்த, ரைஃபிளோடு போய் 600 மீட்டரில் சுட்டால் எல்லாம் மேலே மேலே போகும். பயல்கள் ஸ்கோப் கெட்டுப்போச்சு என்று கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்கோப் சரியாகத்தான் இருந்தது, அங்கே காற்றுதான் மூன்றில் ஒரு பங்கு இல்லை. குண்டு வேகம் குறையாமல் போகிறது, சீக்கிரம் போய்ச் சேர்கிறது, அதனால் விழுவதும் குறைச்சல்.

துவாரகா சீனு

அண்ணாச்சி சொன்னதை வைத்தே காலிபர் சண்டையை முடித்துவிடலாம்.

ஒரே வடிவத்தில் ஒரு குண்டை இரண்டு மடங்கு பெரிதாக்குங்கள். காற்றில் மோதும் முகம் நாலு மடங்கு ஆகும், எடை எட்டு மடங்கு ஆகும். அப்படியானால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் முகத்துக்கும் பின்னால் தள்ள இரண்டு மடங்கு எடை இருக்கிறது. அதனால் மச்சான் சொன்னது, வடிவம் ஒன்றாக இருந்தால், சரி. ஆனால் பெரிய குண்டைத் தள்ள அதிக வெடிமருந்து வேண்டும், உதை கூடும், துப்பாக்கி கனக்கும். அதனால் கெட்டிக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள்: காலிபரைக் குறை, குண்டை நீட்டு. முகம் சின்னது, பின்னால் எடை அப்படியே. இதைத்தான் ஷூட்டர்கள் பி.சி. பி.சி. என்று பேசிக்கொள்வார்கள், பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட். முகத்துக்கு எவ்வளவு எடை, வடிவம் எவ்வளவு வழுக்கல், இரண்டும் சேர்ந்த ஒரே எண்.

உதாரணம், இரண்டு ரைஃபிள் தோட்டாக்கள், 1000 கஜம், அதாவது 914 மீட்டர். .308, 1952-ல் வந்தது, 175 கிரெய்ன் குண்டு, வினாடிக்கு 790 மீட்டர். 6.5 கிரீட்மோர், 2007-ல் வந்தது, 140 கிரெய்ன், சுமார் 825 மீட்டர். துப்பாக்கி வாயில் பார்த்தால் வித்தியாசம் 35 மீட்டர், ஒன்றுமே இல்லை. எடையில் கிரீட்மோர் குண்டு லேசு. ஆனால் வினாடிக்கு 4.5 மீட்டர் பக்கக் காற்றில் .308 சுமார் 2.3 மீட்டர் விலகும், கிரீட்மோர் 1.6. நான் முன்னே சொன்ன தாமதக் கணக்குதான், அதற்கு அரை வினாடிக்கு மேல் தாமதம், இதற்கு மூன்றில் ஒரு பங்கு வினாடி. ஒல்லியான, நீளமான குண்டு வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போகிறது. எவ்வளவு வேகத்தில் கிளம்பினாய் என்று கேட்காதே, எவ்வளவு மிச்சம் வைத்தாய் என்று கேள் என்பார் என் பழைய கோச்.

கீழே விழுவதைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். .308 அந்தத் தூரத்தில் பத்து மீட்டருக்கு மேல் விழும், கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் புவியீர்ப்பு தினமும் ஒரே மாதிரி. சைட்டின் டயலைத் திருப்பினால் தீர்ந்தது. காற்று அப்படி இல்லை, அதற்கு டேபிள் கிடையாது.

வாத்தியார் ஆர்.கே.புரம்

நீளமாக்கு என்று சொல்லிவிட்டீர்கள், அதில் ஒரு சிக்கல் உண்டு. நீளமான குண்டு குப்புற விழப் பார்க்கும், அதைச் சுழற்றித்தான் நேராக வைக்க வேண்டும், நீளம் கூடக் கூட வேகமாகச் சுழற்ற வேண்டும். பம்பரம் மாதிரி. கயிறு சரியாகச் சுற்றி விட்டால் தூங்கும், இல்லையென்றால் தள்ளாடும். பேரலுக்குள் இருக்கும் திருகு வரிதான் குண்டைச் சுழற்றுகிறது: .22 பேரலில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 6.5-ல் 8 அங்குலத்துக்கு ஒன்று. கணக்குப் போட்டால் .22 குண்டு வினாடிக்கு 800 சுற்று, 6.5 குண்டு நாலாயிரம்.

தள்ளாட்டம் வருகிற இடம் இன்னொன்று, அந்தச் சுவரேதான். வேகமாகக் கிளம்பின குண்டு தூரத்தில் களைத்து ஒலியின் வேகத்துக்கு இறங்கும்போது அதிர்ச்சி அலை உடம்பின் மேல் இடம் மாறும், குண்டு ஆட்டம் காணும். .308-க்கு 168 கிரெய்ன் மேட்ச் குண்டு ஒன்று 300 மீட்டரில் தங்கம், 1000 கஜத்தில் கவிழ்ந்துவிடும் என்று பெயர் வாங்கியது. வாலை 13 டிகிரிக்குச் சரித்திருந்தார்கள். அதே கம்பெனியின் 175 கிரெய்னில் வால் 9 டிகிரி, ஏழு கிரெய்ன்தான் அதிகம், ஆனால் 1000 கஜம் ஒழுங்காகப் போகிறது. வாலில் நாலு டிகிரி!

பூமி சுற்றுவதால் விலகாதா என்று வகுப்பில் எப்போதும் ஒருவன் கேட்பான். விலகும். டெல்லி அட்சரேகையில் 914 மீட்டருக்கு 5 சென்டிமீட்டர், வலப்பக்கம். காற்று 2 மீட்டர் தள்ளுகிற இடத்தில் 5 சென்டிமீட்டரைப் பற்றிக் கவலைப்படுகிறவனுக்கு வேறு வேலை இல்லை.

லஜ்பத் நகர் லதா

எல்லோரும் 1000 கஜத்துக்குப் போய்விட்டீர்கள், பாவம் அந்தப் பிள்ளை 50 மீட்டரில் படுத்திருக்கிறது :)

மணி அண்ணா, என் பையன் நாலு வருஷமாக புரோன் சுடுகிறான், அம்மாவாக நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். தோட்டாவில் வேகத்தைவிட, வேகம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் வேகம் அளக்கிற கருவி வைத்துப் பார்த்தோம், ஒரு லாட்டில், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியில், குண்டுக்குக் குண்டு வினாடிக்கு 10 மீட்டர் வரை வித்தியாசம். 50 மீட்டர் போவதற்குள் .22 குண்டு 12 சென்டிமீட்டர் விழுகிறது, வேகத்தில் 3 சதவீதம் மாறினால் விழுவதில் 6 சதவீதம் மாறும், அதாவது 7 மில்லிமீட்டர் மேலும் கீழும். பத்து வளையமே 10.4 தானே! பிள்ளை மூச்சை அடக்கவில்லை, டிரிகரை இழுத்துவிட்டாள் என்று திட்டிக்கொண்டே இருப்போம், குற்றவாளி டப்பாவுக்குள் இருப்பான். நானும் ஒரு சீசன் முழுக்க அவனைத் திட்டியிருக்கிறேன், இப்போது நினைத்தாலும் கஷ்டமாக இருக்கிறது.

ஒரே பிராண்டு, ஒரே விலை, லாட் நம்பர் மாறினால் குணம் மாறும். உங்கள் ரைஃபிளுக்கு எது ஒத்துப்போகிறது என்பதை அந்த ரைஃபிள்தான் சொல்லும். இரண்டு மூன்று லாட்டில் கொஞ்சம் வாங்கி, காற்றில்லாத காலையில், ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுட்டு, கூட்டம் எவ்வளவு சின்னதாக விழுகிறது என்று பாருங்கள். அதில் பிடித்ததை மொத்தமாக எடுத்துவிடுங்கள், நாலு மாசம் கழித்துக் கேட்டால் அந்த லாட் இருக்காது.

கொடியை மகளே படிக்கட்டும். நீங்கள் பின்னால் நின்றுகொண்டு "காத்து காத்து" என்று சொல்லாதீர்கள், என் பையன் ஒரு நாள் எழுந்து வந்து "அம்மா நீ கேன்டீன்ல உக்காரு" என்று சொல்லிவிட்டான். முதலில் எந்தக் காற்று அந்த ரேஞ்சில் அடிக்கடி வருகிறதோ அதற்கு சைட்டை வைத்துக்கொண்டு, அது திரும்ப வரும்வரை காத்திருக்கப் பழகட்டும். காற்று மாறும்போதெல்லாம் சைட்டை க்ளிக் க்ளிக்காகத் திருகினால் ஒரு மணி நேரத்தில் பைத்தியம் பிடிக்கும்.

முனிர்கா மணி

எல்லோருக்கும் நன்றி. பி.காம். மூளைக்கு இரண்டு தடவை படித்த பிறகு ஏறியது.

சனிக்கிழமை கோச்சிடம் கெஞ்சி அனுமதி வாங்கி இரண்டையும் சுட்டுப் பார்த்தோம். ஏழரை மணி, கொடி அரைகுறையாக வலப்பக்கம். சாதாரண மேட்ச் தோட்டாவில் இருபது, ஹை வெலாசிட்டியில் இருபது, நடுவில் சைட்டைத் தொடவில்லை. மேட்ச் தோட்டா நடுவிலிருந்து கொஞ்சம் வலப்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கூடியது. ஹை வெலாசிட்டி மேலே ஏறினது சரி, வேகம் அதிகமாயிற்றே, ஆனால் வலப்பக்கமும் இன்னும் தள்ளி, அதுவும் சிதறல். சீனு சொன்ன 8 மில்லிமீட்டர் துல்லியமாக வந்தது என்று சொல்ல மாட்டேன், காற்றும் நடுவில் மாறினது, ஆனால் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. மகள் திரும்பிப் பார்த்து "நான் அப்பவே சொன்னேன்ல, நான் அசையலன்னு" என்றாள். மூன்று வாரத்துக் கோபம்.

மச்சானுக்கு இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். "வடிவம் ஒன்றாக இருந்தால் சரி" என்ற வரி வரை கேட்டுவிட்டு, "பார்த்தியா" என்று எழுந்து போய்விட்டார்.

லதா சகோதரி, மேலும் இரண்டு லாட் சொல்லியிருக்கிறேன். ஹை வெலாசிட்டி டப்பாவில் பத்து மிச்சம், கிளப் பதிவேட்டில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெரியவர் பக்கத்திலேயே நின்றார். வேறு ஒரு அப்பாவிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

லஜ்பத் நகர் லதா

அந்த அப்பாவுக்கு இந்த லிங்கை அனுப்புங்க அண்ணா.